பூ, பட்டை, மீசை

சுங்கைப் பட்டாணியில் என்னைத் துப்பாக்கி சேகரிப்பவன் என்று பலருக்குத் தெரியும். என்னிடம் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது என்பது அதைவிட அதிகம் பேருக்குத் தெரியும். இரண்டும் உண்மைதான். இந்த நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முழுத் துப்பாக்கி வேண்டாம், அதன் ஒரு துண்டு போதும், ஆளை உள்ளே தள்ளிவிடுவார்கள். அதனால் துப்பாக்கியைச் சுற்றி இருந்ததை எல்லாம் நான் சேர்க்கிறேன். தோளில் மாட்டும் தோல் வார், குண்டு போடும் கித்தான் பை, எண்ணெய் வைக்கும் பித்தளைக் குப்பி, குழாய் துடைக்கும் கயிறு, சிப்பாயின் தண்ணீர்ப் புட்டி, இரும்புத் தொப்பி. என் வீட்டு மாடியில் ஓர் அறை முழுக்க இதுதான்.

"மாட்ட வாங்க முடியாதவரு, மூக்கணாங்கயிறும் மணியும் வாங்கி மாட்டியிருக்காரு. போய்ப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லித்தான் என் மனைவி விருந்தாளிகளை மாடிக்கு அனுப்புவாள்.

சிரிக்கட்டும். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு வெளியே வந்தவன். சைக்கிளின் பின்னால் சாக்கைக் கட்டிக்கொண்டு பீடோங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ப் பழைய இரும்பு எடுத்தவன். இன்றைக்கு என் முற்றத்தில் லோரிகள் நிற்கின்றன. மகள் மருந்துக் கடை வைத்திருக்கிறாள், மகன் பொறியாளன். எனக்கு ஆங்கிலம் ஓர் எழுத்து வாசிக்க வராது. ஆனால் ஓர் இராணுவத் துப்பாக்கியின் படத்தைப் பாதி மூடி வைத்துவிட்டு என்னைக் கேளுங்கள். எந்த நாட்டுச் சாமான், எந்த ரகம், பிறகு யார் கைக்குப் போயிருக்கும், மூன்றையும் சொல்வேன். சொல்லியிருக்கிறேன். கோப்பிக் கடையில் என்னோடு பந்தயம் கட்டி இப்போது என்னைக் கண்டால் வேறு மேசைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் படிப்பு குப்பையில் படித்தது. நான் முதலில் வேலை செய்த சீன முதலாளியின் இரும்புக் குவியலில் எப்போதாவது ஒரு பழைய குழாயோ முழுச் சாமானோ வந்து விழும். அவர் உடனே போலீசுக்குச் சொல்லி அனுப்புவார். போலீஸ் வந்து சேர்வதற்குள் நான் அதைக் கண்ணாலேயே தின்று முடித்திருப்பேன். பிறகு செங்கல் கனத்துக்கு ஒரு படப் புத்தகம் வாங்கினேன். பெயரையும் முத்திரையையும் மகன் ஒரு தடவை வாசித்துச் சொன்னான், மற்றதைப் படமே சொன்னது. வாசிக்கத் தெரியாதவன் படத்தை எப்படிப் பார்ப்பான் தெரியுமா? வாசிக்கத் தெரிந்தவனைவிடப் பத்து மடங்கு பார்ப்பான். ஆங்கிலேயத் துப்பாக்கிக்கு மூக்கு மொட்டை, வயிறு தள்ளியிருக்கும். ஜப்பான் துப்பாக்கிக்கு வயிறு ஒட்டியிருக்கும். தோளில் வைக்கும் கட்டை ஒரே மரமாக இருக்காது, இரண்டு துண்டை ஒட்டியிருப்பான். இதெல்லாம் நானே பார்த்துப் பிடித்த கணக்கு.

இனி என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் மூத்த அண்ணன். பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர்ப் பால் மரம் சீவியவர். மரத்தை எல்லாம் வெட்டிச் செம்பனை வைத்த பிறகும் அங்கேயே இருந்து, அப்பா விட்டுப்போன முனியாண்டி கோயிலுக்குப் பூசாரியாக இருக்கிறார். ஆள் காற்றடித்தால் சாய்ந்துவிடுவார். வாய் மட்டும் சாயாது. என் மாடி அறையை ஒரே ஒரு முறை வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "சண்டைக்கே போகாதவன் எல்லாம் சிப்பாய் தொப்பிய வெச்சிக்கிட்டிருந்தா, பாக்குற சாமிக்கே சிரிப்பு வரும் மாப்ள" என்று இறங்கிப் போனவர், திரும்ப ஏறவில்லை.

அந்தத் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்கள் வாங்கிவிட்டார்கள். கோயிலுக்குப் பெரிய சாலை ஓரத்தில் ஒரு துண்டு நிலம் தந்து, சாமியை அங்கே கொண்டுபோக நாளும் குறித்தாயிற்று. பாரந்தூக்கி வரும், லோரி வரும், மாவட்ட அலுவலகத்து ஆட்கள் வந்து நின்று பார்ப்பார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு காலையில் மச்சான் மோட்டாரில் என் வீட்டுக்கு வந்தார். நான் பசியாறிக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, துருப்புடிச்ச இரும்ப சிமெண்டுலேருந்து நோகாம பேத்தெடுக்கணும். என்ன ஊத்தலாம்?"

இரும்பு விஷயத்தில் என் வாசலுக்கு வந்துதானே ஆக வேண்டும். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எந்த இரும்பு?"

"சாமி ஆயுதம்."

முனியாண்டி உட்கார்ந்த கோலத்தில் இருப்பார். வலது கையை முட்டியாக மூடி ஓர் ஆயுதத்தைப் பிடித்துத் தரையில் ஊன்றியிருப்பார். அதன் மேல் எப்போதும் சிவப்புத் துணி சுற்றியிருக்கும், துணிக்கு உள்ளே வருஷக் கணக்கில் அப்பிய சந்தனம். நான் மாப்பிள்ளை ஆன நாளிலிருந்து பார்க்கிறேன். தடி என்றே நினைத்திருந்தேன். எல்லாரும் அப்படித்தான். துணியை அவிழ்க்கிறவர் பூசாரி ஒருவர்தான், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

"கம்பா, குழாயா?" என்று கேட்டேன்.

"அடியில கட்ட. மேல இரும்பு. நடுவுல ஒரு வளையம் இருக்கு, அதுலதான் எலுமிச்சம்பழம் சொருகுவோம். உச்சியில ஓட்ட. ஊதுபத்தி நல்லா நிக்கும்."

கோப்பியைக் கீழே வைத்தேன். "மச்சான், நீங்க சொல்றது துப்பாக்கி மாதிரி இருக்கே."

"துப்பாக்கி மாதிரிதான். யாரு இல்லன்னா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "துப்பாக்கி மாதிரி செஞ்சது. நெஜம் இல்ல லா. அதான் எங்கப்பா துணிய சுத்தி வெச்சாரு, பாக்குறவன் தப்பா நெனச்சிருவான்னு."

"நெஜம் இல்லன்னு எப்படித் தெரியும்?"

என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இரும்புலேயே சாமி அடையாளம் அடிச்சிருக்கு மாப்ள. மேல ஒரு தாமரப் பூ. அதுக்குக் கீழ மூணு கோடு, பட்ட போட்ட மாதிரி. அதுக்கும் கீழ ரெண்டு பக்கமும் எறங்குற மீச. வெள்ளக்காரன் துப்பாக்கில பட்ட போட்டா அனுப்புவான்? நம்ம ஆளு எவனோ சாமிக்குன்னே வார்த்தது."

நான் மாடிக்குப் போய்ப் படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, பக்கத்தைத் தேடிப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். இரும்பின் மேல்பாகத்தை மட்டும் பெரிதாகப் போட்ட படம். பூ, மூன்று கோடு, மீசை.

மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அடுத்த நொடி செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தப் புஸ்தகத்துல நம்ம சாமி எப்படி மாப்ள வந்தாரு?"

"சாமி இல்ல மச்சான். அது செவ்வந்திப் பூ. ஜப்பான் ராஜாவோட முத்திர. மூணு கோடு போட்டா அவன் எழுத்துல மூணு. அந்த மீச எட்டு. முப்பத்தெட்டுங்கிறது அந்தத் துப்பாக்கி ரகத்தோட பேரு. நீங்க பொட்டு வெச்சிக்கிட்டிருக்கறது சண்ட நேரத்துல ஜப்பான் சிப்பாய் தூக்கிக்கிட்டு வந்தது."

மச்சான் புத்தகத்தை மூடினார். "ஒம் புஸ்தகம் தப்பு."

சமையலறையிலிருந்து என் மனைவி, "அண்ணே, அவரு சொல்றத நம்புங்க. வாசிக்கத் தெரிஞ்சிருந்தாத்தான் தப்பா வாசிச்சிருப்பாரு" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் அண்ணனும் சிரிக்காததைப் பார்த்து, கரண்டியோடு வெளியே வந்தாள்.

நான் அவளுக்கும் சேர்த்துச் சொன்னேன். கோயில் பெயரில் கையெழுத்துப் போடுகிறவர் இவர். சாவி இவரிடம். துணியை அவிழ்க்கிறவரும் இவர்தான். சாமி நகரும் நாளில் மாவட்ட அலுவலகத்து ஆட்கள் முன்னால் அந்தத் துணி நழுவினால், "இது யாருடையது?" என்று கேட்பார்கள். சாமியுடையது என்றால் சாமியைக் கொண்டுபோக மாட்டார்கள். இந்த வயதில் இவரைத்தான் கொண்டுபோவார்கள்.

மச்சான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். "நீ இன்னும் கண்ணால பாக்கல இல்ல? பாத்துட்டுச் சொல்லு. ஆனா சைவமா இருந்துட்டு வரணும். அதத் தொடுறதுன்னா குடும்ப ஆளா இருந்தாலும் சுத்தம் வேணும்."

சரி என்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பயத்திலும் ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷம். வாழ்நாள் முழுக்க வாரையும் குப்பியையும் தொட்டவன், முதல் முறையாகச் சாமானையே தொடப் போகிறேன்.

என் மனைவி எனக்குக் கீரையும் ரசமுமாகப் போட்டாள். ஆட்டுக்கறி இல்லாமல் ஒரு வேளை சாப்பிடாதவன், பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டேன். அது புவாசா மாதம், மலாய்க்காரர்கள் நோன்பு இருக்கும் மாதம். சாயங்காலமானால் ஊரில் நோன்புச் சந்தை கூடும், தெரு முழுக்க வாசனை. கோயிலுக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் அந்தப் பக்கம் போனவன், தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, ஒரு பொட்டலம் நாசி லெமாக் வாங்கினேன். கோழி வேண்டாம் என்றேன். முட்டையை எடுத்துப் போட்டேன். வெறும் சோறும் சம்பலும்தான் சாப்பிட்டேன். இதைவிட ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

மறுநாள் கோயில் வாசலில் என் மனைவி பெருமையாக ஆரம்பித்தாள். "ரொம்ப சுத்தமா இருந்தாரு அண்ணே. நேத்து நாசி லெமாக் வாங்கினப்பகூட முட்டய எடுத்து வெச்சிட்டாரு."

மச்சான் என்னைப் பார்த்தார். "சம்பல்?"

"சம்பல் சாப்ட்டேன்."

"அதுல என்ன கெடக்கும்?"

"மொளகா, வெங்காயம்…"

"அப்புறம்?"

"நெத்திலி எல்லாம் ஒரு மீனா மச்சான்?"

அவர் தட்டிலிருந்து விபூதியை எடுத்து வாசற்படிக்கு வெளியே ஒரு கோடு போட்டார். "இந்தக் கோட்டத் தாண்டாத. அங்கேருந்து பாத்துக் கண்டுபுடி. நீதான் பாதி மூடி வெச்சாலே கண்டுபுடிக்கிற ஆளாச்சே."

இப்படித்தான், கெடா மாநிலத்திலேயே இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள், கையில் டார்ச் விளக்கோடு கோட்டுக்கு வெளியே நின்றேன். மச்சான் உள்ளே போய்த் துணியை அவிழ்த்தார். வெதுவெதுப்பான தண்ணீரும் தேங்காய் நாரும் எலுமிச்சையும் வைத்துக்கொண்டு தேய்த்தார். சந்தனம் மரப்பட்டைபோலப் பாளம் பாளமாகக் கழன்றது. அந்தச் சின்னக் கோயில் முழுக்க ஒரே மணம்.

"கட்டைல நீளவாக்குல ஒரு கோடு ஓடுதா மச்சான்?"

"ஓடுது. வெடிப்பு."

"வெடிப்பு இல்ல. ஒட்டு. வளையத்துக்கு முன்னால வயிறு தள்ளியிருக்கா?"

"தள்ளியிருக்கறது ஒனக்குத்தான். இதுக்கு இல்ல."

என் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். நான் விடவில்லை. "வலது பக்கம் இரும்புக் கை ஒண்ணு நேரா நீட்டிக்கிட்டு நிக்கும். நுனி நாவப்பழம் மாதிரி இருக்கும்."

"ம். அதுக்கும் பொட்டு வைப்போம்."

"அதத் தொடாதீங்க. இழுக்காதீங்க. பின்னால வட்டமா மூடி, சூரியன் மாதிரி கோடு கோடா?"

"இருக்கு."

அவர் கையின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியாக மேல்பாகத்தைத் துடைத்துவிட்டு நகர்ந்து நின்றார். டார்ச்சை அடித்தேன். பூ இதழ் இதழாக நின்றது. சண்டை முடிந்து சரணடைந்த துப்பாக்கிகளில் பெரும்பாலும் இந்தப் பூவைச் சுரண்டிவிட்டிருப்பார்கள். இதில் ஒரு கீறல்கூட இல்லை. பூவின் கீழே மூன்று கோடு, அதன் கீழே மீசை. உலகத்தில் எத்தனை பேர் இப்படி ஒன்றைப் பார்க்கத் தவம் கிடப்பார்கள்! என் கால் தானாக முன்னால் போனது.

"கோடு!" என்றார் மச்சான், திரும்பிப் பார்க்காமலே.

பிறகு, "உள்ள குண்டு இருக்குமா மாப்ள?" என்று கேட்டார்.

"தெரியாது. ஓட்டைக்கு நேரா நிக்காதீங்க. இத்தன வருஷமா ஊதுபத்தி காட்டியிருக்கீங்க, அது வெடிக்காம இருந்ததே பெருசு."

"சாமி முன்னால நான் ஒளிய மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஒளியாததுபோலவே இரண்டடி பக்கத்தில் நகர்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகுதான் அவர் உட்கார்ந்துவிட்டார். படியில் உட்கார்ந்து கையில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய பெரியப்பாவை ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனது எனக்கும் தெரியும். போனவர் வரவில்லை. ஜப்பான்காரன் ஊரைவிட்டுப் போன பிறகு தோட்டத்துக் கால்வாயில் கிடந்ததாகச் சொல்லித்தான் அவர் அப்பா அந்த ஆயுதத்தைச் சாமி கையில் வைத்திருக்கிறார்.

"இதக் காட்டித்தானே மாப்ள எங்க பெரியப்பாவ லோரில ஏத்தியிருப்பான்? இதுக்கா நான் பொட்டு வெச்சேன்?"

நான் எதற்கும் வாயடைத்துப்போகிற ஆள் இல்லை. அன்றைக்கும் அடைக்கவில்லை. "மச்சான், முனியாண்டி யாரு? காவல்காரரு. காவல்காரரு கையில திருடன் சாமான் இருந்தா என்ன அர்த்தம்? புடுங்கி வெச்சிருக்காருன்னு அர்த்தம். நீங்க பொட்டு வெச்சது ஜப்பான்காரன் துப்பாக்கிக்கு இல்ல. சாமி புடுங்கின சாமானுக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கொஞ்சம் இரத்தம் வந்ததுபோல் இருந்தது. ஆனால் அடுத்த பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. "அப்ப அப்படியே வெச்சு சிமெண்டு பூசிட்டா? கையோட சேத்து. எவனுக்குத் தெரியும்?"

எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். பூ சுரண்டாத முப்பத்தெட்டு, எங்கள் குடும்பக் கோயிலிலேயே இருக்கும். ஆனால் தெரியாமல் வைத்திருந்தது வேறு, தெரிந்து மறைப்பது வேறு. "தெரிஞ்சு பூசினா நீங்களும் உள்ள, பூசச் சிமெண்டு குழச்சுக் குடுத்த நானும் உள்ள. புடுங்கின சாமான காவல்காரரு கடைசியில எங்க ஒப்படைக்கணும்? ஸ்டேஷன்லதானே?"

"சாமி கையிலேருந்து நானா எடுக்கணும்? எனக்குக் கை வராது."

"ஒங்களுக்குக் கை வராது. இவரு தொட முடியாது" என்றாள் என் மனைவி. "எடுக்க வேண்டியவங்களையே இங்க கூப்பிட்டா என்ன?"

அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் என் மகன் வயது இருக்கும் மலாய்க்காரர். நான் ரகத்தோடு, அடையாளத்தோடு, கட்டையின் ஒட்டோடு சொன்னதைக் கேட்டு, "அங்கிள் முன்னால் இராணுவத்தில் இருந்தீர்களா?" என்று மலாயில் கேட்டார். இரும்புக் கடை என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆட்களோடு புறப்பட்டார்.

கோயில் வாசலில் மச்சான் கைகட்டி நின்றார். முதலில் உள்ளே நுழையப் போனவர் ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள்.

"தம்பி, மத்தியானம் என்ன சாப்ட்ட?"

"பிரியாணிங்க ஐயா."

"என்ன பிரியாணி?"

"ஆடு."

"அங்க, அவரு பக்கத்துல போய் நில்லு."

கான்ஸ்டபிள் வந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் என்னோடு நின்றார். "அங்கிள், நீங்க என்ன?" என்று மெதுவாகக் கேட்டார். நெத்திலி என்றேன். "அச்சோ" என்றார்.

அடுத்து இன்ஸ்பெக்டர். இடுப்பில் துப்பாக்கி உள்ளவரையும் மறிக்கிறாரே என்று பயந்தேன். மச்சான் தோட்டத்து மலாயில் மரியாதையாகத்தான் கேட்டார், அவர் இன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்று.

"ஒன்றும் இல்லை, பாக் சிக். புவாசா." வயதில் பெரியவரை மலாயில் அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள்.

"தண்ணீர்?"

"தண்ணீரும் இல்லை. விடிவதற்கு முன்னால் சாப்பிட்டதுதான்."

மச்சான் அவரை மேலும் கீழும் பார்த்தார். வெயில் கொளுத்துகிற நேரம். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? தண்ணிகூட இல்லையாம். நீ ஒரு பொட்டலத்துக்கு நாக்கக் கட்ட முடியல." சொல்லிவிட்டு வழிவிட்டு ஒதுங்கினார். யாரும் சொல்லாமலே இன்ஸ்பெக்டர் பூட்ஸைக் கழற்றினார். அவரோடு வந்த ஆயுதம் தெரிந்த ஆளும் நோன்புதான். அவர் பக்கவாட்டில் குனிந்து பார்த்துவிட்டு, எல்லாம் துருவேறி ஒரே இரும்பாகிவிட்டது, ஆனாலும் குழாய் வாய்க்கு நேராக யாரும் நிற்க வேண்டாம் என்றார்.

அடிக் கட்டையைச் சுற்றியிருந்த சிமெண்டை மச்சானே உளியால் கொத்தினார். ஆனால் சாமியின் முட்டியிலிருந்து அதை மேலே உருவித்தான் எடுக்க வேண்டும். உருவினால் தகரக் கூரை இடிக்கும். இங்கேதான் என் மூளை வேலை செய்தது. வெளியே நின்றபடியே, எந்தத் தகரத்தைக் கழற்றுவது, எந்த ஆணியை முதலில் பிடுங்குவது, எந்தப் பக்கம் சாய்ப்பது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். போலீஸ்காரர்கள் நான் சொன்னபடி செய்தார்கள். முனியாண்டி தலைக்கு மேல் ஒரு துண்டு வானம் திறந்தது. அந்த வழியாகத் துப்பாக்கி மெல்ல மேலே ஏறி வெளியே வந்தது.

இன்ஸ்பெக்டர் அதைச் சிவப்புத் துணியில் சுற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தார். எனக்கு ஒரு முழத் தூரத்தில் கடந்து போனது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மச்சான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வாக்குமூலம் கொடுக்க மச்சானை வரச் சொல்லியிருந்தார்கள். அவர் வெள்ளை வேட்டி சட்டையில், ஒரு துணிப்பையோடு வந்தார். பையில் துண்டு, பல்பொடி, விபூதி, இரண்டு வேட்டி. "எத்தன நாளோ தெரியாதில்ல?" என்றார். என் காரில் ஏறும்போது நான் கேலி பண்ண வாயெடுத்தேன். என் மனைவி முறைத்தாள், மூடிக்கொண்டேன். ஸ்டேஷனில் அவர் கால்வாயில் ஆரம்பித்துப் பெரியப்பாவரை எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுக்கொண்ட இன்ஸ்பெக்டர், மேலிடத்துக்கு அனுப்புகிறேன், பதில் வரும்வரை ஊரைவிட்டுப் போகாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

சாமி குறித்த நாளில் புது இடத்துக்குப் போனார். வெறும் முட்டியில் வேப்பிலைக் கொத்து ஒன்றை மச்சான் சொருகிவைத்தார். யாராவது கேட்டால், "ஆயுதம் மெருகு போடப் போயிருக்கு" என்றார். எங்களிடம் மட்டும் வேறு முகம். வாசலில் மோட்டார் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார். தனியாக இருக்க வேண்டாம் என்று என் மனைவி அவரை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், உள்ளே போகாது. மாடி அறையைக் காட்டிச் சிரிப்புமூட்டலாம் என்று பார்த்தேன், அதற்கும் வரவில்லை. என்னைக் குத்திப் பேசாத மச்சானைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

நோன்பு மாதம் போய் ஹரி ராயா பெருநாளும் முடிந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இன்ஸ்பெக்டர் என் கைப்பேசிக்கு அழைத்தார். எல்லாரும் கேட்கும்படி மேசை நடுவில் வைத்தேன்.

பாக் சிக் மேல் நடவடிக்கை ஒன்றும் இல்லை என்றார். சண்டைக் காலத்துப் பொருள், தானாக வந்து ஒப்படைத்தது என்று முடித்துவிட்டார்கள். சாமான் இப்போதைக்கு ஆயுதக் கிடங்கில் இருக்கும், பிறகு காட்சிச்சாலைக்குப் போனாலும் போகும்.

மச்சான் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். என் மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. இன்ஸ்பெக்டர் தயங்கினார். "இன்னொன்று, பாக் சிக். கிடங்கு முழுக்கச் சந்தன வாசனை. போகவே மாட்டேன் என்கிறது. அங்கே வேலை செய்கிற ஆள் அதன் மேல் வேறு எதையும் வைக்கப் பயப்படுகிறார். எப்படி வைக்க வேண்டும் என்று ஏதாவது முறை இருக்கிறதா?"

மச்சான் துண்டை எடுத்தார். முதுகு நிமிர்ந்தது. "தரையிலா வைத்திருக்கிறீர்கள்?" என்று மலாயில் அதட்டினார்.

"இல்லை, மேல் தட்டில்."

"நல்லது. தலை எந்தப் பக்கம்?"

"தலையா?"

"வடக்கே தலை வைக்கக் கூடாது."

அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ விசாரித்தார். பிறகு, "பாக் சிக், துப்பாக்கிக்கு எது தலை?" என்று கேட்டார்.

மச்சான் மெல்ல என் பக்கம் திரும்பினார். என் மனைவியும் திரும்பினாள். போனில் இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். இத்தனை வருஷத்தில் துப்பாக்கி பற்றிய ஒரு கேள்விக்கு என் வீட்டில் என் பதிலை எதிர்பார்த்து ஆள் காத்திருந்தது அன்றைக்குத்தான். செங்கல் கனத்துப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கமாக மனதுக்குள் புரட்டினேன். கட்டை தோளில் சாய்கிறது, ஆனால் சாமி அதைத் தரையில் ஊன்றியிருந்தார். ஊன்றினது கால் என்றால் மற்றது தலை.

"குழாய் வாய்தான் தலை" என்றேன், உலகத்துக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல. "அதைக் கிழக்கே திருப்பி வையுங்கள். பூ மேலே பார்க்க வேண்டும்."

நாற்காலி நகரும் சத்தம், நடக்கும் சத்தம், கதவு, பிறகு இரும்புத் தட்டில் ஏதோ மெல்ல உரசியது. இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். "வைத்தாயிற்று, அங்கிள். கிழக்கு."

"ஒரு தடவையாவது நீங்க சொல்லி ஒரு துப்பாக்கி அசஞ்சுதே" என்றாள் என் மனைவி.

மச்சான் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தங்கச்சி, ஒம் புருஷன் பெருமைய அப்புறம் பேசலாம். அந்த ரசத்த இன்னும் கொஞ்சம் ஊத்து. சோறும் வை."